ராய்ரங்பூர் கண்ட திருநாள்

நமது தேசத்தில் ராஷ்டிரபதியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பொதுமக்களுக்கு நேராக அளிக்கப்படவில்லை. அரசியல் சாசனத்தின் 54ஆம் விதிப்படி, பார்லிமெண்டின் இரு சபைகளிலும் ராஜ்யச் சட்டசபைகளிலும் தேர்ந்தெடுக்கப்பட்டு அமர்ந்திருக்கும் அங்கத்தினர்களே வாக்களிக்கின்றனர். 2022ஆம் ஆண்டுத் தேர்தலில் அவ்வாறு வாக்குரிமை பெற்றிருந்தோர் 4,809 பேர். ஏனைய கோடானுகோடி மக்கள் வெறும் பார்வையாளர்களே. ஆகையால் ராஷ்டிரபதி தேர்தல் என்றால் சாமானிய மனிதன் பத்திரிகையின் முதற்பக்கத்தை ஒரு முறை நோக்கிவிட்டு, உள்பக்கத்தில் வெங்காயத்தின் விலை என்னவென்று பார்க்கப் போய்விடுவதே வழக்கம். அதற்காக வீதியில் கொட்டு முழங்கியதாகவோ, முன்பின் அறியாதார் ஒருவர் வாயில் ஒருவர் இனிப்பு ஊட்டியதாகவோ நாம் அதிகம் கேள்வியுற்றதில்லை.

2022 ஜூலை 21ஆம் தேதியன்று அவ்வழக்கம் மாறிற்று. டில்லியில் பார்லிமெண்டு மாளிகையில் வாக்குகளை எண்ணி முடிக்குமுன்னரே, ஒடிசாவின் வடகோடியில் மயூர்பஞ்ச் ஜில்லாவிலுள்ள ராய்ரங்பூர் என்னும் சிற்றூர் விழாக்கோலம் பூண்டுவிட்டது. அவ்வூரார் இருபதாயிரம் லட்டுகளை முன்கூட்டியே பிடித்து வைத்திருந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. தோல்வி வந்தால் அத்தனை லட்டையும் என் செய்வது என்று எவரும் யோசித்ததாகத் தெரியவில்லை! மூன்றாவது சுற்று எண்ணிக்கை முடிந்தபோதே ஸ்ரீமதி திரௌபதி முர்மு பாதிக்கு மேற்பட்ட வாக்குமதிப்பைத் தாண்டிவிட்டார். தம்சா முழங்க, மாதல் அதிர, சந்தால் பெண்டிர் தோளோடு தோள் கோத்து வரிசையாக நின்று ஆடிய ஆட்டம் அவ்வூரோடு நிற்கவில்லை. ஜார்க்கண்டிலும் வங்காளத்திலும் சந்தால் மக்கள் வாழும் ஊர்தோறும் அவ்வாட்டம் பரவிற்று.

முடிவான கணக்கு இது: ஸ்ரீமதி முர்முவுக்கு 2,824 வாக்குகள், மதிப்பு 6,76,803. எதிர்த்து நின்ற ஸ்ரீ யஷ்வந்த் சின்ஹாவுக்கு 1,877 வாக்குகள், மதிப்பு 3,80,177. 'மதிப்பு' என்பது யாது என்று நம் இளைஞர் சிலர் வினவக்கூடும். 1971ஆம் ஆண்டு ஜனக்கணிதத்தைக் கொண்டு ஒவ்வொரு ராஜ்யத்துச் சட்டசபை அங்கத்தினரின் வாக்குக்கும் ஓர் எடை வகுத்திருக்கின்றனர். அத்தேர்தலில் உத்தரப் பிரதேசத்து அங்கத்தினரின் வாக்குக்கு எடை 208, சிக்கிம் அங்கத்தினருக்கு 7, ஒடிசாவுக்கு 149. தமிழ்நாட்டு அங்கத்தினருக்கும் ஜார்க்கண்டு அங்கத்தினருக்கும் ஒரே எடைதான், 176. பிறந்த மண்ணும் பிழைக்க வந்த மண்ணும் இத்தராசில் சமமாய் நிற்பதைக் கண்டு நாம் ஒரு கணம் புன்னகை பூத்தோம்.

ராய்ரங்பூரைப் பற்றி இப்பத்தியில் இவ்வளவு அக்கறையோடு எழுதுவானேன் என்று சென்னையிலிருந்து நமது இதழைத் தருவித்துப் படிக்கும் அன்பர்கள் கேட்கலாம். ஜாம்ஷெட்பூரில் குடியேறி வாழும் நமக்கு அவ்வூர் எழுபது எண்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள அண்டை ஊர். அதுமட்டுமன்று. நம் பாட்டன்மாரும் தந்தைமாரும் ரயிலேறி வந்து உத்தியோகம் பெற்ற இந்த எஃகுத் தொழிற்சாலையின் வயிற்றுக்கு முதன்முதல் சோறிட்டது மயூர்பஞ்ச் மண்ணே. பூகர்ப்ப சாஸ்திரியான பிரமத நாத போஸ், கோருமஹிஸானி மலையில் சிறந்த இரும்புக்கல் உண்டு என்று 1904இல் டாட்டாவுக்குக் கடிதம் எழுதினார். அதன் பின்னரே தொழிற்சாலைக்கு இடம் தேடியவர்களின் பார்வை இப்பக்கம் திரும்பிற்று. 1912இல் சாக்சியில் முதல் எஃகு உருவானபோது அதற்கு இரும்புக்கல் வந்தது அம்மலையிலிருந்துதான். பின்னர் பாதாம்பஹாட், சுலைபத் மலைகளும் வெட்டப்பெற்றன. மலையை வெட்டிய கைகளும், கூடையில் சுமந்த தலைகளும் பெரும்பாலும் சந்தால், ஹோ முதலிய ஆதிவாசி மக்களுடையவை. நம் வீட்டுப் பிள்ளைகள் கணக்குப் புத்தகமும் எழுதுகோலும் கொண்டு ஏறிய படிக்கட்டின் கீழ்ப்படி அதுவாகும்.

அம்மண்ணில், உபர்பேடா என்னும் கிராமத்தில், 1958 ஜூன் 20ஆம் தேதி பிறந்தவர் ஸ்ரீமதி முர்மு. தந்தையார் பிரஞ்சி நாராயண் டுடு. குடும்பத்தில் தந்தையும் பாட்டனும் ஊர்த் தலைமை வகித்தவர்கள். எனினும் அத்தலைமை செல்வத்தைக் கொணரும் தலைமை அன்று. அக்கிராமத்திலிருந்து கல்லூரி வாயிலை மிதித்த முதற்பெண் தாமே என்பதை அவரே தமது பதவியேற்பு உரையில் குறிப்பிட்டார். புவனேசுவரத்தில் ரமாதேவி மகளிர் கல்லூரியில் படித்து, 1979 முதல் 1983 வரை ஒடிசா சர்க்காரின் நீர்ப்பாசன, மின்சார இலாகாவில் இளநிலை உதவியாளராகப் பணியாற்றினார். பிற்காலத்தில் ராய்ரங்பூரில் ஸ்ரீ அரவிந்தர் பெயரால் அமைந்த பள்ளியில் ஆசிரியை. 1997இல் நகரப் பஞ்சாயத்தின் அங்கத்தினர். 2000இலும் 2004இலும் சட்டசபை அங்கத்தினர். இடையில் ராஜ்ய மந்திரி. ஒவ்வொரு படியாக ஏறியவரே அன்றி, எவரும் தோளில் தூக்கி உச்சியில் அமர்த்தியவர் அல்லர்.

அவருடைய பெயரைப் பற்றிய வரலாறு ஒன்று உண்டு. அது நம்மைப் போல் ஊர்விட்டு ஊர் வந்தோரை நன்கு தொடும். 'திரௌபதி' என்பது வீட்டார் இட்ட பெயரன்று. சந்தால் வழக்கப்படி இட்ட பெயர் 'புட்டி'. வேற்று ஜில்லாவிலிருந்து வந்த பள்ளியாசிரியர் ஒருவருக்கு அப்பெயர் பிடிக்கவில்லையாம். மகாபாரதத்திலிருந்து வேறொரு பெயரை எடுத்துச் சூட்டிவிட்டார். பதவிக்கு வருமுன் ஒரு பேட்டியில் ஸ்ரீமதி முர்முவே இதனை வெளியிட்டார். ஆசிரியர் தீய எண்ணத்தோடு செய்தார் என்று நாம் கூறவில்லை. ஆயினும், ஒரு குழந்தை பள்ளிக்கூட வாயிலில் காலணியைக் கழற்றி வைப்பதுபோலத் தன் பெயரையும் கழற்றி வைத்துவிட்டு உள்ளே செல்ல நேருவது சிறு காரியமன்று. நம் குழந்தைகளின் பள்ளிப் பதிவேடுகளைப் புரட்டிப் பாருங்கள். தந்தை பெயரைக் குலப்பெயராக்கி, முதலெழுத்தை விரித்து, 'ழ'கரத்தை இரண்டு மூன்று விதமாய்ச் சிதைத்து, பெற்ற தாயே அடையாளம் காணாதபடி எழுதியிருப்பார்கள். நமக்கேனும் திரும்பிச் சென்றால் அப்பெயரைச் சரியாக உச்சரிக்க ஓர் ஊர் இருக்கிறது. சந்தால் குழந்தைக்குத் தன் சொந்த ஊரிலேயே அது வாய்க்கவில்லை.

துயரமும் அவரை விட்டுவைக்கவில்லை. 2009இல் மூத்த மைந்தர் மறைந்தார். சில ஆண்டுகளில் இளைய மைந்தரும், 2014இல் கணவரும் அடுத்தடுத்து மறைந்தனர். புக்ககமாகிய பஹாட்பூரில் இருந்த இல்லத்தை அவர்கள் நினைவாக ஏழைக் குழந்தைகள் தங்கிப் படிக்கும் பள்ளிக்கு அளித்துவிட்டார். இதனை விரிவாக எழுத நமக்கு மனமில்லை. புத்திர சோகம் என்பது என்னவென்று அறிந்தவர்கள் நமது வாசகருள்ளும் இருக்கின்றனர்.

இனி நம் நகரில் அன்று நடந்ததைச் சொல்வோம். தேர்தல் முடிவு வந்த மறுநாள் காலை, நம் சங்கத்தின் மூத்த அங்கத்தினராகிய ஓர் அம்மையார் இல்லத்தில், பல்லாண்டுகளாகப் பாத்திரம் துலக்கும் சந்தால் மூதாட்டி வேலைக்கு வரவில்லை. அதற்கு மறுநாள் வந்தார். கையில் சால் இலையில் பொதிந்த நான்கு லட்டு. "மாஜி, இது எங்கள் வீட்டு இனிப்பு. உட்கார்ந்து சாப்பிடுங்கள், இன்று பாத்திரம் அப்புறம்" என்றாராம். தீபாவளிதோறும் அவ்வீட்டிலிருந்து முறுக்கும் லட்டும் அம்மூதாட்டிக்குப் போனதுண்டு. அங்கிருந்து இங்கு வந்தது அதுவே முதல் தடவை. அம்மையார் இரு கைகளாலும் வாங்கிக் கண்களில் ஒற்றிக்கொண்டு, "உங்கள் ஊர் எது அம்மா?" என்று கேட்டிருக்கிறார். ராய்ரங்பூருக்கு அப்பால் பேருந்தினின்று இறங்கி ஒரு கோசதூரம் நடக்கவேண்டிய ஊர் என்று விடை வந்தது. "இனி அந்த ஊருக்குச் சாலை போடுவார்கள் மாஜி. போடாவிட்டால் நான் டில்லிக்கே சென்று எங்கள் பெண்ணிடம் கேட்பேன்" என்று கூறி அவர் சிரித்த சிரிப்பில், பத்து வயது குறைந்து தோன்றினாராம்.

நம் இல்லங்களில் பணிபுரிவோரின் சொந்த ஊர்ப் பெயரை அறிந்தவர்கள் நம்முள் எத்தனை பேர்? இதனை அடுத்த கூட்டத்திற்கு வரும்போது ஒவ்வொருவரும் அறிந்து வருவது நலம்.

'எங்கள் பெண்' என்னும் அச்சொல்லில் இருக்கும் உரிமையை நாம் அறிவோம். 2002 ஜூலையில் இராமேசுவரத்து அப்துல் கலாம் ராஷ்டிரபதியானபோது இந்தியாவெங்கும் சிதறி வாழும் தமிழர் நெஞ்சில் எழுந்ததும் அவ்வுரிமையே. சிறு வயதில் பத்திரிகை விநியோகித்துப் பொருளீட்டிய பிள்ளை அம்மாளிகைக்குச் சென்றார் என்பதால் நம் பிள்ளைகளுக்கு மார்க்கு ஒன்றும் கூடிவிடவில்லை. ஆனால் 'மதராஸி' என்று அதுகாறும் ஒரே சொல்லில் நம்மை மூட்டைகட்டி வைத்திருந்த அண்டை வீட்டார், அவ்வாரத்தில் நம்மை நிறுத்தி 'உங்கள் கலாம்' என்றனர். அன்று எதிர்த்து நின்ற கேப்டன் லட்சுமியும் சென்னையில் பிறந்தவர்தாம். ஆகவே எப்பக்கம் வென்றிருந்தாலும் நமக்கு இனிப்பு நிச்சயம் என்று ஒரு முதியவர் வேடிக்கையாகக் கூறியது நினைவிருக்கிறது.

ஆயினும் இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது தகாது. தமிழர்களுக்குச் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் திருத்தணியில் பிறந்தவர் என்ற பெருமை 1962லேயே கிட்டிற்று. 1987இல் ஆர். வெங்கட்ராமன் வந்தார். கலாம் மூன்றாமவர். நாடெங்குமுள்ள ஆதிவாசி மக்களோ, 2011ஆம் ஆண்டு ஜனக்கணிதப்படி 10 கோடியே 40 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள். நூற்றுக்கு எட்டரைப் பங்குக்கு மேல். குடியரசு பிறந்து 72 ஆண்டுகள், பதினான்கு ராஷ்டிரபதிகள். அப்பட்டியலில் அவர்களுள் ஒருவர்கூட இல்லை. 2012இல் மேகாலயத்துப் பி. ஏ. சங்மா நின்று தோற்றார். அரசியல் நிர்ணய சபையில் ஆதிவாசிகளின் குரலாய் ஒலித்த ஜெய்பால் சிங் முண்டா, 1928 ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கிக் குழுவின் தலைவர், ஆக்ஸ்போர்டில் பயின்றவர். அத்தகையவருக்கே அக்காலத்தில் எட்டிய உயரத்துக்கு ஓர் எல்லை இருந்தது. நீண்ட நாள் பசித்தவன் உண்ணும் உணவுக்கும், வேளை தவறாது உண்பவன் உண்ணும் உணவுக்கும் ருசியில் பேதம் உண்டல்லவா?

இங்கே ஒரு சிறு திருத்தம். ஒடிசாவில் பிறந்து ராஷ்டிரபதியான முதல்வர் ஸ்ரீமதி முர்மு என்று பலர் எழுதினர். வி. வி. கிரி பிறந்த பெர்ஹாம்பூர் ஒடிசாவில்தான் உள்ளது. அவர் பிறந்த காலத்தில் அது சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது என்பது வேறு விஷயம். ஸ்ரீமதி முர்முவுக்கு உரிய 'முதல்'கள் வேறு: ஆதிவாசிகளில் முதல்வர், சுதந்திர இந்தியாவில் பிறந்தோரில் முதல்வர், இதுவரை அப்பதவியேற்றோரில் வயதிற் குறைந்தவர். சஞ்சீவ ரெட்டியும் 64 வயதில்தான் பதவியேற்றார். சில வார வித்தியாசந்தான். பெண்களில் இவர் இரண்டாமவர். பிரதிபா பாட்டீல் 2007லேயே வழி திறந்துவிட்டார்.

அபேட்சகராக நிறுத்தியது ஆளும் தேசிய ஜனநாயகக் கூட்டணி. ஆயினும் வாக்குகள் அவ்வேலிக்குள் அடங்கி நிற்கவில்லை. ஒடிசாவின் பிஜு ஜனதா தளம் ஆதரித்தது. ஜார்க்கண்டில் காங்கிரஸோடு சேர்ந்து ஆண்ட முக்தி மோர்ச்சாவும், கூட்டாளியை விட்டு, இவரையே ஆதரித்தது. சிபு சோரன் ஸ்தாபித்த கட்சி, ஒரு சந்தால் பெண்மணிக்கு எதிராய் வாக்களித்துவிட்டுக் கிராமத்துக்குத் திரும்பமுடியுமா? வாக்கில்லாத மக்கள் வாக்குள்ளவர் கையைப் பிடித்து நடத்திய தேர்தல் அது என்று நாம் கருதுகிறோம்.

இவ்வளவும் மகிழ்ச்சியின் கதை. நம்பிக்கையின் கதை இதனினும் சிக்கலானது.

ஜூன் 21ஆம் தேதி அபேட்சகர் பெயர் வெளியாயிற்று. அதன் பின் பத்திரிகைக்காரர்கள் உபர்பேடாவுக்கு விரைந்து சென்று பார்த்தால், அவ்வூரின் ஒரு பகுதியாகிய டுங்குரிசாஹியில் மின்சாரம் இல்லை! மண்ணெண்ணெய் விளக்குதான் எரிந்துகொண்டிருந்தது. அப்பெண்மணி வாழ்க்கையைத் தொடங்கியதே மின்சார இலாகாவில் என்பதையும், அந்த ராஜ்யத்தின் மந்திரியாகவே இருந்தவர் என்பதையும் நினைவுகூருங்கள். செய்தி வெளிவந்தது, கம்பங்களும் டிரான்ஸ்பார்மரும் மண்வெட்டும் இயந்திரமும் பறந்து வந்தன. பல்லாண்டு விண்ணப்பம் போட்டுக் காத்திருந்தோர் வாயடைத்து நின்றனர். நாம் இதனைக் கேட்டு மகிழவும் செய்தோம், வெட்கமும் கொண்டோம். ஒரு சாஹிக்கு ஒளி வர அவ்வூர்ப் பெண் ராஷ்டிரபதி ஆகவேண்டும் என்றால், ஏனைய சாஹிகள் எத்தனை ராஷ்டிரபதிகளுக்காகக் காத்திருப்பது?

ராஷ்டிரபதியால் என்ன செய்யமுடியும், ரப்பர் முத்திரைதானே என்று நம் சபையிலேயே சிலர் ஏளனமாகப் பேசுவதுண்டு. சாசனத்தின் 74ஆம் விதிப்படி மந்திரிசபையின் ஆலோசனை வழியே அவர் நடக்கவேண்டும் என்பது மெய். சாலை போட அவரால் ஆணையிட முடியாது; நம் மூதாட்டி டில்லிக்குச் சென்றாலும் இனிய சொல்லும் ஒரு குவளை நீருமே கிடைக்கலாம். ஆனால் அதே சாசனத்தின் ஐந்தாம் அட்டவணை, ஆதிவாசிப் பிரதேசங்களை அறிவிக்கும் அதிகாரத்தை ராஷ்டிரபதிக்கே தந்திருக்கிறது. அப்பிரதேசங்களின் நிர்வாகம் பற்றிக் கவர்னர்கள் ஆண்டுதோறும் அறிக்கை அனுப்பவேண்டியதும் அவருக்கே. மயூர்பஞ்ச் ஜில்லா முழுவதும் அவ்வட்டவணைக்குட்பட்டது. எழுபது ஆண்டுகளாய் அவ்வறிக்கைகளைப் பெற்றவர்கள் அக்காடுகளை வரைபடத்தில் கண்டவர்கள். இவர் அங்கு விறகு பொறுக்கும் வாழ்வை அருகிருந்து அறிந்தவர்.

கையெழுத்து இடுவதைப் போலவே, இடாமலிருப்பதும் ஓர் அதிகாரம். அதை அவர் முன்னமே காட்டியிருக்கிறார். 2015 முதல் 2021 வரை நமது ஜார்க்கண்டில் கவர்னராயிருந்தவர் அல்லவா? 1908ஆம் ஆண்டு சோட்டாநாக்பூர்க் குத்தகைச் சட்டமும், 1949ஆம் ஆண்டு சந்தால் பர்கனாக் குத்தகைச் சட்டமும் ஆதிவாசி நிலம் பிறர் கைக்குப் போகாதபடி காத்துநிற்கும் இரண்டு வேலிகள். முன்னதன் பின்னே பிர்ஸா முண்டாவின் எழுச்சியும், பின்னதன் பின்னே 1855இல் சீதோ, கானு சகோதரர்கள் நடத்திய 'ஹூல்' என்னும் பெரும் போரும் நிற்கின்றன. 2016 நவம்பரில் ரகுவர் தாஸ் மந்திரிசபை, விவசாய நிலத்தை வேறு காரியங்களுக்கும் பயன்படுத்த வழிசெய்யும் திருத்தங்களைச் சட்டசபையில் நிறைவேற்றிற்று. காடுமேடெல்லாம் கிளர்ச்சி எழுந்தது. தம்மை நியமித்த கட்சியின் மந்திரிசபையே என்று பாராது, 2017இல் அம்மசோதாக்களைக் கவர்னர் திருப்பி அனுப்பினார். மந்திரிசபை அவற்றைக் கைவிட்டது. 2022இல் ராய்ரங்பூரில் ஆடிய கால்களுக்கு இந்த ஞாபகமும் இருந்தது.

நில விஷயத்தில் இப்பக்கத்து மக்களின் நினைவு மிக நீண்டது. நம் நகரிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள கர்ஸாவானில் 1948 ஜனவரி முதல் தேதி, தங்கள் சமஸ்தானத்தை ஒரிஸ்ஸாவோடு இணைக்கவேண்டாம் என்று கூடிய ஆதிவாசிகள் மீது ஒரிஸ்ஸா ராணுவப் போலீஸ் துப்பாக்கிப் பிரயோகம் செய்தது. சுதந்திரம் வந்து ஐந்து மாதங்கூட ஆகவில்லை. நாம் ஆங்கிலப் புத்தாண்டு வாழ்த்துக் கூறிக்கொள்ளும் நாளில், அங்கே நினைவுத்தூணில் மாலை சூட்டி மரியாதை செய்கின்றனர். அந்த ஒரிஸ்ஸாவின் பெண், பிற்பாடு அந்த ஜார்க்கண்டின் கவர்னராக வந்து, அவர்கள் நிலத்தைக் காத்தார் என்பதைச் சரித்திரம் எழுதுவோர் குறித்துக்கொள்ளட்டும்.

2022 ஜூலை 25 அன்று சந்தால் நெசவுச் சேலை உடுத்து, பிரமாணம் எடுத்துக்கொண்டு, 'ஜோஹார்' என்னும் வணக்கத்தோடு அவர் உரை தொடங்கினார். தமது தேர்வு ஏழையொருவர் கனவு காணவும் கண்டதை எய்தவும் இயலும் என்பதற்குச் சான்று என்ற கருத்தை எடுத்துரைத்தார். இது எல்லாரும் கூறக்கூடியதே. நாம் எதிர்பாராதது நான்கு மாதம் கழிந்து நிகழ்ந்தது. நவம்பர் 26, சாசன தினம். சுப்ரீம் கோர்ட்டார் நடத்திய விழாவில், எழுதி வந்த ஆங்கில உரையை ஒருபுறம் வைத்துவிட்டு ஹிந்தியில் பேசலானார். சட்டசபை அங்கத்தினராயிருந்த நாட்களில் சிறைகளைச் சென்று கண்டதைச் சொன்னார். சிறு குற்றத்துக்காகப் பிடிபட்டு, ஜாமீன் கட்டப் பணமின்றி, ஆண்டுக்கணக்கில் உள்ளே கிடப்போரைப் பற்றிச் சொன்னார். வீடுவாசலை விற்று வழக்காட அஞ்சி, அவர்களை விடுவிக்க வீட்டாரும் முன்வருவதில்லை என்றார். சிறைகள் போதவில்லை என்று புதிய சிறைகள் கட்டுகிறோமே, முன்னேறும் நாட்டுக்கு அது எதற்கு என்று நீதிபதிகளின் எதிரே நின்று வினவினார். சொல்லாமல் விட்டதை நீங்களே உணருங்கள் என்பதுபோல நிறுத்திக்கொண்டார்.

இந்தியச் சிறைகளில் உள்ளோரில் நால்வரில் மூவர் விசாரணைக் கைதிகள். தண்டனை பெற்றவர்கள் அல்லர். இவர்களில் ஆதிவாசிகள் எத்தனை பேர் என்பதை இப்பக்கத்தில் வாழும் நமக்கு எவரும் சொல்லவேண்டியதில்லை. அவ்வுரை நிகழ்ந்த சில நாட்களிலேயே சுப்ரீம் கோர்ட்டு, ஜாமீன் கிடைத்தும் நிபந்தனையை நிறைவேற்ற இயலாமல் அடைபட்டிருப்போரின் விவரங்களைத் தரும்படி சிறை அதிகாரிகளைக் கேட்டது. 2023 ஜனவரி இறுதியில் அத்தகையோருக்காக நெறிமுறைகளையும் வகுத்தது. ரப்பர் முத்திரை என்போருக்கு இதைவிட வேறு விடை நம்மிடம் இல்லை.

பாராட்டுவதோடு நிறுத்திக்கொள்ள நமக்கு விருப்பம். எனினும் ஒரு குறையையும் சொல்லிவிடுகிறோம். 2023 மே 28 அன்று டில்லியில் புதிய பார்லிமெண்டு மாளிகை திறக்கப்பட்டது. நம் தமிழ்நாட்டு ஆதீனகர்த்தர்கள் சூழச் செங்கோல் நிறுவப்பட்ட வைபவம் அது. பார்லிமெண்டின் முதல் அங்கமாகச் சாசனம் குறிக்கும் ராஷ்டிரபதி அங்கு இல்லை. அவருடைய செய்தி மட்டும் வாசிக்கப்பட்டது. எதிர்க்கட்சிகள் பல விழாவைப் புறக்கணித்தன. கட்சிச் சண்டை நமக்கு வேண்டாம். ஆனால் செங்கோலைக் கண்டு பூரித்த நம் கண்கள், அவ்விருக்கை வெறுமையாய் இருந்ததையும் கண்டன.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. சந்தாலி பேசுவோர் 2011இல் 73 லட்சத்துக்கு மேற்பட்டோர். நெடுங்காலம் அம்மொழிக்கெனத் தனியெழுத்து இல்லை. ரோமன், வங்காளம், ஒரியா, தேவநாகரி என்று யார் ஆண்டாரோ அவர் எழுத்தில் எழுதினர். 1925இல் அதற்கென 'ஒல் சிக்கி' என்னும் எழுத்தைப் படைத்தவர் பண்டித ரகுநாத் முர்மு. பள்ளியாசிரியர், அதே மயூர்பஞ்ச் ஜில்லாக்காரர். 'குரு கோம்கே' என்று அவரைப் போற்றுகின்றனர். 2003இல் 92ஆம் திருத்தத்தினால் சந்தாலி எட்டாம் அட்டவணையில் ஏறிற்று. வாடகை இடத்தில் ஞாயிறுதோறும் பத்துப் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுக்கப் படாத பாடுபடும் நம் சங்கத்து ஆசிரியைமார்கள், எழுத்தையே புதிதாய்ச் சமைத்துப் பிள்ளைகளுக்குக் கற்பித்த அவ்வாசிரியரின் வரலாற்றைத் தேடிப் படிக்கவேண்டும்.

சென்ற நூற்றாண்டில் கோருமஹிஸானிக்கும் பாதாம்பஹாட்டுக்கும் இருப்புப்பாதை இட்டது கல்லை ஏற்றிவரவே. மனிதர்கள் அதில் பயணஞ்செய்தது அதற்குப் பிறகு வந்த சௌகரியம். 2023 நவம்பர் 21 அன்று ராஷ்டிரபதி பாதாம்பஹாட் நிலையத்துக்கு வந்தார். டாட்டாநகருக்கும், ரூர்கேலாவுக்கும், கல்கத்தாவை அடுத்த ஷாலிமாருக்கும் மூன்று வண்டிகளைக் கொடியசைத்து அனுப்பினார். பின்னர் தாமும் அந்த வண்டியிலேயே ஏறி ராய்ரங்பூர் வரை சென்றார். அவ்வழியில் சால் காடுகள் பாதையை ஒட்டியே வளர்ந்திருக்கின்றன. பங்குனி மாதத்தில் சால் பூத்து 'பாஹா' விழா எடுக்கும்போதும், தை பிறக்கும் நாளில் நாம் பொங்கல் வைக்க அவர்கள் 'மகர்' கொண்டாடும்போதும் அவ்வூர்களில் தம்சா ஒலி ஓய்வதில்லை. நம்மவர் பலர் இந்நகரில் மூன்று தலைமுறை வாழ்ந்தும் பூரிக்கும் காசிக்கும் சென்றதுண்டே ஒழிய, இரண்டு மணி நேரத்துக்குச் சற்றே மேற்பட்ட இவ்வழியில் சென்றதில்லை. வரும் தை விடுமுறையில் குடும்பத்தோடு சென்றுவர விருப்பமுள்ளோர் சங்கக் காரியதரிசியிடம் பெயர் கொடுக்கலாம். நாம் மேலே கூறிய மூதாட்டி, தம் ஊர் வரை வழிகாட்ட இசைந்திருக்கிறார். பேருந்தினின்று இறங்கி ஒரு கோசதூரம் நடக்க நேரிடும் என்பதையும் சொல்லச் சொன்னார்.